கிராணி சண்முகரத்தினம் உடைத்த ஐந்து முட்டைகள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஐந்தாவது வீடு சண்முகரத்தினத்துடையது. யாழ்ப்பாணத்து மனிதர். 1912-இல் கப்பலேறி வந்து, கோலாலம்பூரில் ஒரு சரக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நாற்பத்துமூன்று வயதிலும் அதே மேசை, அதே நாற்காலிதான். மனைவி குணபூசணி. மூன்று பிள்ளைகளும் ஊரில் குணபூசணியின் தமக்கை வீட்டில் நின்று படித்தார்கள்.

கம்பெனியில் மற்றக் கிராணிமார் பேரேடு எழுதினார்கள். சண்முகரத்தினத்துக்கு வேறு வேலை. வழியில் உடைந்துபோன, நனைந்துபோன, எலி கடித்துப்போன சரக்கை நேரில் போய்ப் பார்த்து, அது ஏன் அப்படி ஆயிற்று என்று எழுத வேண்டும். அச்சடித்த படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மூன்று விரல் அகலம்தான். அந்தக் கட்டத்துக்குள் ‘ஈரம்’, ‘எலி’, ‘கவனக்குறைவு’ என்று பத்தொன்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

1931-இல் துறைமுகத்தில் இறங்கிய ஒரு பெட்டிப் புத்தகம் கடல்நீரில் ஊறிப்போயிருந்தது. ‘ஈரம்’ என்று எழுதி முடித்த பிறகு, அவற்றை எரித்துவிடச் சொன்னார்கள். எரிக்கப்போன இடத்தில் ஒன்றை மட்டும் சண்முகரத்தினம் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பழைய கிரேக்கர்கள் என்ன நினைத்தார்கள், எப்படி நினைத்தார்கள் என்று சொல்லும் தடித்த இங்கிலீஷ் புத்தகம் அது. பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. குணபூசணி இடியப்பம் அவிக்கும்போது வருகிற ஆவியில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிப் பிரித்து, கொடியில் காயப்போட்டுப் படித்தார். நடுவில் நாற்பது பக்கம் பிரியவே இல்லை. பிரிந்தவற்றில் இருந்தது அரிஸ்டாட்டில்.

இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தி வாழ்ந்த அந்த மனிதர், எதற்கும் ஒரு காரணம் போதாது, நான்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு அலுமாரி இருக்கிறது. அது ஏன் இருக்கிறது? பலகை இருந்ததால். அது ஒரு காரணம். அலுமாரி என்ற வடிவம் இருந்ததால். அது இன்னொன்று. தச்சன் கைவைத்ததால். அது மூன்றாவது. உடுப்பு வைக்க வேண்டியிருந்ததால். அது நான்காவது. பொருள், உருவம், செய்தவன், நோக்கம். நாலும் சேர்ந்தால்தான் ‘ஏன்’ என்ற கேள்விக்கு முழுப் பதில்.

சண்முகரத்தினம் அன்று சாப்பிடவில்லை. பத்தொன்பது வருடமாக முக்கால் பங்கு பதிலை விழுங்கிவிட்டோமே என்ற எண்ணம் அவரை அரித்தது.

அடுத்த வாரமே கிள்ளானில் ஒரு ஊறுகாய் ஜாடி உடைந்தது. அவர் போய்ப் பார்த்து, கட்டம் போதாமல் தனித்தாள் ஒட்டி எழுதினார். ஜாடி மண்ணால் ஆனது, மண் உடையக்கூடியது. ஜாடி உருண்டை, உருண்டை உருளக்கூடியது. தூக்கியவர் ரெங்கசாமி, அவர் அந்த நேரம் தும்மினார். நோக்கத்தைப் பொறுத்தவரை, ஜாடி உடைந்ததில் யாருக்கும் எந்த நோக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை, ஊறுகாயை நக்கிய ஒரு ஆட்டைத் தவிர.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு அவரைக் கூப்பிட்டு, “சண்முகம், இனிமேல் ஒன்று போதும்” என்று மட்டும் சொன்னார்.

அலுவலகத்தில் இடமில்லை என்றானதும் சண்முகரத்தினம் நான்கு காரணங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் அந்த நேரம் நடந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். குணபூசணியின் பேட்டுக்கோழி அடை கிடந்தது.

கிள்ளான் பாசாரில் ஒரு மலாய்ப் பெண்ணிடம் வாங்கிய கறுப்புக் கோழி அது. பிறவியிலேயே கழுத்தில் ஒரு இறகு கிடையாது. பார்ப்பவர்கள் யாரோ பாதி உரித்துவிட்டு மனம் மாறி விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் முட்டை இடுவதில் கெட்டிக்காரி. வீட்டில் சேவல் கிடையாது. சேவல் பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கன்னையா, ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆகவில்லை. அவருக்குக் குடும்பம் என்று இருந்தது அந்தச் சேவல்தான். தோட்டத்து மேனேஜர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது தன் வெள்ளைச் சீமைக்கோழிகளை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார். அதில் கன்னையாவுக்குக் கிடைத்தது இது. பால் வெள்ளை, நெஞ்சை நிமிர்த்திய நடை, யாரையும் மதிக்காத பார்வை. அதனால் அதற்குத் ‘துரை’ என்று பெயர். கன்னையா அதை அவர், இவர் என்றுதான் சொல்வார். துரை தினமும் காலையில் தகர வேலியைத் தாண்டி ஐந்தாம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார்.

புத்தகத்தில் ஒரு இடம் சண்முகரத்தினத்தின் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அரிஸ்டாட்டில் அடைகோழி முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்து, உள்ளே குஞ்சு எப்படிப் படிப்படியாக உண்டாகிறது என்று எழுதியிருந்தாராம். அலுமாரிக்குத் தச்சன் வெளியே நிற்கிறான். முட்டைக்குள் தச்சன் எங்கே? அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். குணபூசணியிடம் சொல்லவில்லை.

அவள் வைத்தது பதின்மூன்று முட்டை. முதல் நாள் காலை, கோழி இரை தின்ன எழும்பிய நேரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு பீங்கான் தட்டோடு குளியலறைக்குள் போனார். உடைத்தார். மஞ்சள் கரு, வெள்ளைக் கரு. வேறொன்றும் இல்லை. வீணாக்க மனமில்லாமல் மிளகுத்தூள் போட்டுக் குடித்துவிட்டார். இரண்டாம் நாள் முட்டையில் மஞ்சள் கருமேல் ஒரு மங்கலான வளையம் தெரிந்தது. அதைக் குடிக்கத் துணிவில்லை. பப்பாளி மரத்தடியில் புதைத்தார்.

மூன்றாம் நாள் முடிந்து எடுத்த முட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கடுகைவிடச் சின்னது. அது துடித்தது.

சண்முகரத்தினம் தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இல்லை, கால் இல்லை, இறகு இல்லை, கோழி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் புள்ளி மட்டும், எங்கோ நேரத்துக்குப் போக வேண்டியிருப்பதுபோல, விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே குணபூசணி கதவைத் தட்டினாள்.

“என்னப்பா, அரைமணித்தியாலமா உள்ளுக்கை. வயித்திலை ஏதும் சுகமில்லையோ?”

“சுகமாத்தான் இருக்கிறன்” என்றார். குரல் அப்படி இல்லை.

புள்ளி மெதுவாகி, நின்றுபோகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னைக் கொலைகாரனாக நினைத்து வெகுநேரம் கையைக் கழுவினார். அன்று சவரம் செய்யாமல் அலுவலகத்துக்குப் போனார். பத்தொன்பது வருடத்தில் அது முதல் தடவை. ஆனால் இனி உடைக்க மாட்டேன் என்று அவர் எடுத்த முடிவு மறுநாள் விடியும்வரைதான் நின்றது. நாலாம் முட்டையில் இரத்த நரம்புகள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தன. ஐந்தாவதில் ஒரு பெரிய கறுப்புக் கண், மற்ற உடம்பைவிடப் பெரிதாக, அவரையே பார்த்தது.

அதற்குள் குணபூசணி எண்ணிவிட்டாள். பதின்மூன்று எட்டாகியிருந்தது.

“கன்னையா, மூசாங் வருது போல கிடக்கு” என்று வேலியோரம் போய்ச் சொன்னாள். மூசாங் என்பது கோழிக்கூட்டைக் கொள்ளையடிக்கும் மரநாய். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அதற்குப் பயந்தது.

“மூசாங்கா? நாளொண்ணுக்கு ஒரு முட்டை மட்டும் தின்னுட்டுப் போற மூசாங்கை நான் பாத்ததில்லைம்மா. ரொம்ப ஒழுங்கான மூசாங்கா இருக்கு” என்றார் கன்னையா. “விடுங்க, நான் பிடிச்சுத் தரேன்.”

மறுநாள் விடிகாலையில் கன்னையா பெரிய எலிப்பொறி ஒன்றை அடைக்கூடைக்குள் வைக்கோலுக்கு அடியில் வைத்தார். கையில் சாக்கும், ரயிலுக்குக் காட்டும் பச்சைக்கொடியின் கம்பும் வைத்துக்கொண்டு விறகுக்குப் பின்னால் குந்தியிருந்தார். கோழி இறங்கியது. கூடைப் பக்கம் ஏதோ குனிந்தது. பொறி ‘டப்’ என்றது. கன்னையா பாய்ந்து சாக்கைப் போட்டு மூடி, கம்பால் இரண்டு வைத்தார்.

சாக்குக்குள்ளிருந்து மூசாங் இங்கிலீஷில் திட்டியது.

“அந்த மூசாங் ‘யூ ராஸ்கல்’னு சொல்லிச்சு பாருங்க, கையில இருந்த கம்பு விழுந்துபோச்சு” என்று கன்னையா பின்னாளில் எல்லோரிடமும் சொல்லுவார்.

சாக்கைத் தூக்கினபோது சண்முகரத்தினம் பைஜாமாவும் பனியனுமாக, ஆட்காட்டி விரலில் எலிப்பொறி தொங்க, இடது கையில் ஒரு முட்டையை உடையாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குணபூசணி சத்தம் கேட்டு வந்து நின்றாள். முட்டையை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். பிறகுதான் பொறியைக் கழற்றினாள்.

விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, துணி சுற்றிக்கொண்டு, சண்முகரத்தினம் இருவருக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அலுமாரி, தச்சன், நாலு காரணம் என்று விளக்கினவர், உற்சாகத்தில் அரிஸ்டாட்டில் கோழியைப்பற்றிச் சொன்ன பகுதிக்கும் வந்துவிட்டார்.

“இந்தக் குஞ்சுக்கு நாலு காரணம். பொருள் குடுக்கிறது பேடு. உருவத்தையும் அசைவையும் குடுக்கிறது சேவல். பேடு பலகை மாதிரி. சேவல்தான் தச்சன். அப்பிடித்தான் அரிஸ்டாட்டில் எழுதி வைச்சிருக்கிறார்.”

கன்னையா சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “யாரு சொன்னது, அரிசித் தாத்தாவா?”

“அரிஸ்டாட்டில்.”

“அவரு படிச்சவரா?”

“உலகத்திலையே அவரைவிடப் படிச்ச ஆள் அந்தக் காலத்திலை இல்லை.”

“அப்பச் சரி” என்று கன்னையா எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். “உருவமும் துரையோடது. அசைவும் துரையோடது. அம்மா வீட்டுக் கோழி வெறும் பலகை. அலமாரி செஞ்சா அது பலகைக்கா போகும்? குஞ்சுங்க நம்ம துரையோடதுதான். பொரிச்சதும் நான் வந்து வாங்கிக்கிறேன். எனக்குப் பேராசை இல்லீங்க. துரைக்கு ஒரு மரியாதை இருக்கில்ல.”

குணபூசணி கன்னையாவைப் பார்க்கவே இல்லை. கணவனைத்தான் பார்த்தாள்.

“நான் மூண்டு பெத்தனான். நானும் பலகையோ?”

“பூசணி, அது நான் சொல்லேல்லை. அரிஸ்டாட்டில்.”

“அவர் இஞ்சை வந்து முட்டை களவெடுக்கேல்லை. நீங்கள்தான் எடுத்தனீங்கள்.”

அன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. மத்தியானம் பசியோடு வந்த சண்முகரத்தினத்துக்கு மேசையில் மூடி வைத்த தட்டு இருந்தது. திறந்தார். ஒரு பிடி பச்சரிசி. காம்போடு முழுக் கத்தரிக்காய் ஒன்று. துருவாத தேங்காய்ப் பாதி. நாலு செத்தல் மிளகாய். கழுவாத கருவாடு.

“இதென்னப்பா?”

“பொருள்” என்றாள் குணபூசணி. தையல் வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நான் பொம்பிளை. என்னாலை இவ்வளவுதான் தரேலும். உருவத்தை ஆம்பிளையள் குடுங்கோ.”

அவர் குடுத்தார். அரிசிக்கு அவர் கொடுத்த உருவம் ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் கூழும். கத்தரிக்காய்க்கு எந்த உருவமும் ஏறவில்லை. புகை வேலிக்கு அப்பால் போனதும் கன்னையா எட்டிப் பார்த்தார். தனியாள் என்பதால் அவருக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும். ஒரு கிண்ணத்தில் சோறும் ரசமும் வைத்து வேலிமேல் நீட்டினார்.

“கேஸ் வேற, சோறு வேறங்க கிராணி அய்யா. சாப்பிடுங்க.”

வழக்கு அந்த வரிசை முழுக்கப் பரவியது. ஏழாவது வீட்டில் குடியிருந்த மார்க்கிரட்டின் காதுக்கும் போனது. மார்க்கிரட் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’. அவள் காதில் விழுந்தபோது செய்தி இப்படி இருந்தது: ஐந்தாம் வீட்டில் துரையோட பிள்ளைகளாம், கன்னையா வந்து தன்னுடையது என்று சண்டை பிடிக்கிறானாம்.

மருத்துவப் பையை எடுத்துக்கொண்டு மார்க்கிரட் ஓடிவந்தாள். வாசலில் குணபூசணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. எந்தத் துரை? எத்தினை மாசம்?”

“எட்டு நாள்” என்றாள் குணபூசணி, ஒன்றும் விளங்காமல். “எட்டு முட்டை.”

“எட்டோ?” மார்க்கிரட் திகைத்துப்போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் தெளிவாகிற நேரத்துக்குள் அவளுக்குக் கோப்பி போட வேண்டியதாயிற்று. தெளிவானதும் சிரிக்கத் தொடங்கியவளுக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் கேட்டாள்.

“அண்ணை, உங்கடை அரிஸ்டாட்டில் எத்தினை பிள்ளைப்பேறு பாத்தவர்?”

சண்முகரத்தினத்துக்குத் தெரியவில்லை. ஒட்டிக்கிடந்த நாற்பது பக்கத்தில் இருந்ததோ என்னவோ.

“நான் அறுநூறுக்கு மேலை பாத்தாச்சு. தாயின்ரை மூக்கு, தகப்பன்ரை காது, இரண்டும் ஒரே முகத்திலை வரும். அதை நான் கையிலை ஏந்திப் பாக்கிறனான். பலகை எண்டால் மூக்கு எங்கையிருந்து வந்தது?”

வழக்கை முடிக்க வழியும் அவளே சொன்னாள். குஞ்சுகள் பொரிக்கட்டும். எல்லாம் துரையை மட்டும் உரித்து வைத்திருந்தால் கன்னையா கொண்டுபோகலாம். தாயின் சாயல் ஒன்றாவது தெரிந்தால் அரிசித் தாத்தா தோற்றார், குஞ்சுகள் குணபூசணிக்கு. தீர்ப்பு மார்க்கிரட்டினுடையது. கன்னையா ஒத்துக்கொண்டார். துரையின் சாயல் மறையும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. குணபூசணியும் ஒத்துக்கொண்டாள், ஆனால் தீர்ப்பு வரும்வரை சமையல் இல்லை என்றாள்.

ஆகவே சண்முகரத்தினம் சமைத்தார். இரண்டு வாரம். முதல் நாலு நாள் கன்னையாவின் ரசம் அவரைக் காப்பாற்றியது. ஐந்தாம் நாள் சோறு சோறாக வந்தது. அடுப்பங்கரையில் அகப்பையோடு நிற்கும்போது அவருக்கு ஒன்று தோன்ற ஆரம்பித்தது. பச்சரிசி ஒருவிதமாகவும் புழுங்கலரிசி வேறுவிதமாகவும் வெந்தன. தண்ணீரும் நெருப்பும் அவருடையவை, ஆனால் எப்படி வேக வேண்டும் என்பதை அரிசி ஏற்கனவே முடிவு செய்து வைத்திருந்தது. இவர் இஷ்டத்துக்கு உருவம் கொடுக்க விடவில்லை. அரிஸ்டாட்டில் ஒருநாளாவது சோறு வடித்திருந்தால் பொருளை அவ்வளவு இளக்காரமாகப் பேசியிருக்க மாட்டார் என்று நினைத்தார்.

இதற்கிடையே முட்டையை உடைக்காமல் பார்க்க வழி கண்டுபிடித்தது குணபூசணிதான். ஐந்து முட்டை போன கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தத் துடிக்கிற புள்ளியைப்பற்றிக் கணவன் சொன்னது அவள் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு மாலை வேளையில் கன்னையாவைக் கூப்பிட்டு, அவருடைய ரயில் கைவிளக்கைக் கேட்டாள். கண்ணாடிக்கு முன்னால் அட்டையில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் முட்டையைப் பிடித்தாள். முட்டை முழுவதும் செம்மஞ்சளாக எரிந்தது. உள்ளே நரம்புகள். நரம்புகளுக்கு நடுவில் ஒரு நிழல். அது ஒருதரம் புரண்டது.

அதன் பிறகு தினமும் ஆறு மணிக்கு, மார்க்கிரட்டும் சேர்த்து, நாலு பேரும் அடுப்பங்கரையில் கூடினார்கள். கன்னையா விளக்கைப் பிடிப்பார், குணபூசணி முட்டையைப் பிடிப்பாள். ஒரு முட்டை மட்டும் வெறுமையாகவே இருந்தது. மற்ற ஏழிலும் நிழல் வளர்ந்தது. கோழிக்கு மட்டும் இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. யார் கை கிட்டப் போனாலும் கொத்தியது.

“மிஸ்ஸி, உள்ள வேலை செய்யிறது யாரு? துரை அங்க கூரைமேல நிக்கிறாரு” என்று ஒருநாள் கன்னையாவே கேட்டார்.

மார்க்கிரட் சிங்கப்பூரில் பயிற்சி எடுத்தபோது ஒரு டாக்டர் படம் கீறிக் காட்டியதை ஞாபகப்படுத்திச் சொன்னாள். “கருவுக்குள்ளை நூல் மாதிரி நுணுக்கமாக் கிடக்காம். தாயிட்டையிருந்து பாதி, தகப்பனிட்டையிருந்து பாதி. எதை எங்கை கட்டவேணும் எண்டது அந்த நூலிலைதான் கிடக்குதாம். ஆக்கள் இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா விளங்கிக்கொண்டு வருகினம்.”

சண்முகரத்தினம் அகப்பையைக் கீழே வைத்தார். “அப்ப உருவம் எண்டு ஒண்டு இருக்கத்தான் செய்யுது. அது உள்ளுக்கையே இருக்குது. தச்சனும் பலகையும் ஒரே ஆள். அந்த மனுசன் கேட்ட கேள்வி பிழையில்லை. பாதிப் பதில்தான் பிழைச்சுப்போச்சு.”

“அப்ப நாலாவது?” என்றாள் குணபூசணி. “குஞ்சு என்ன நோக்கத்துக்கு?”

“கறிக்கு” என்றார் கன்னையா, உடனே.

“முட்டைக்கு” என்றாள் மார்க்கிரட்.

சண்முகரத்தினம் புத்தகத்தின் பின்பகுதியில் படித்ததைச் சொன்னார். அரிஸ்டாட்டிலின்படி குஞ்சின் நோக்கம் கோழியாவது. கறியாவது அல்ல. ஆனால் இந்தக் காலத்து ஆட்கள், நோக்கம் என்று முன்கூட்டி யாரும் வைக்கவில்லை, பிழைக்கத் தெரிந்தவை பிழைத்தன, அவற்றின் பிள்ளைகள் இப்போது நிற்கின்றன, திரும்பிப் பார்த்தால் நோக்கம்போலத் தெரிகிறது என்கிறார்களாம். குணபூசணி முட்டையை விளக்கின் முன் திருப்பியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது ஒருதரம் உதைத்தது.

“உதுக்கு நல்ல நோக்கம் கிடக்கு” என்றாள். “வெளியிலை வாறது.”

இருபத்தோராம் நாள் காலை ஓடுகள் கீறத் தொடங்கின. சண்முகரத்தினம் தலைவலி என்று அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார். கன்னையா இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்தார். ஈரமாக, ஒட்டிப்போன மயிரோடு ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. கன்னையா குனிந்து பார்த்தார். தாய் கறுப்பு. குஞ்சு ஒன்றுகூடக் கறுப்பில்லை. ஏழும் வெளிர் மஞ்சள், வெள்ளைக்கோழிக் குஞ்சின் நிறம்.

“பாத்தீங்களா” என்றார். “ஏழும் துரைதான். அரிசித் தாத்தா சொன்னது சரியாப்போச்சுலா.”

சண்முகரத்தினம் மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. இன்னும் எத்தனை வருடம் சமைக்க வேண்டியிருக்குமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மார்க்கிரட், “பொறுங்கோ, காயட்டும்” என்றாள்.

காய்ந்தன. மயிர் பஞ்சுபோல எழும்பியது. உடம்பு பஞ்சு, தலையில் ஒரு சின்னப் பஞ்சுத் தொப்பி, நடுவில் ஒன்றுமில்லை. ஏழில் நாலு குஞ்சுக்குக் கழுத்து மொட்டை. இளஞ்சிவப்பாக, புழுப்போல.

கன்னையா ஒரு குஞ்சை உள்ளங்கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். நிறம் துரை. நெஞ்சு நிமிர்வு துரை. கழுத்து, சந்தேகமே இல்லாமல், மாமியார் வீட்டுப் பக்கம்.

“துரை வேலை முடிஞ்சு காலரைக் கழட்டி வெச்ச மாதிரி இருக்கு” என்றார் கடைசியில்.

மார்க்கிரட் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குணபூசணி எழுந்து போய் அடுப்பு மூட்டினாள். கன்னையா தலையைச் சொறிந்துகொண்டு, குஞ்சுகள் அம்மாவோடுதான் இருக்கட்டும், நான் தினம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அன்று ஐந்தாம் வீட்டில் நாலு பேருக்குச் சமையல். கோழிக்கறி இல்லை. யாருக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஒரு வருடம் கழித்துக் கிள்ளானில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. வளர்ந்து நின்ற மொட்டைக்கழுத்து வெள்ளைப் பேடு ஒன்றைக் கூடையில் வைத்துக் குணபூசணி ரயிலில் கொண்டுபோனாள். சண்முகரத்தினம் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனார். பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரி கூண்டுக்கு முன்னால் நின்று, இது என்ன சாதிக் கோழி என்று கேட்டார். சண்முகரத்தினம் பதிலுக்குத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலின் நீளத்தை வைத்தே பதிலின் நீளத்தைக் குணபூசணி கண்டுகொண்டாள்.

“பிரிக்பீல்ட்ஸ்” என்று அவளே சொல்லிவிட்டாள்.

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். எந்தப் பிரிவிலும் சேராத கோழிகளுக்கு ஒரு ஆறுதல் பரிசு இருந்தது. அது அவளுக்குக் கிடைத்தது, ஒரு எனாமல் வாளி.

சண்முகரத்தினம் அதற்குப் பிறகு முட்டை உடைத்ததில்லை. ஆனால் பார்க்கும் ஆசை போகவில்லை. முப்பத்துமூன்றாம் வருடம் அவர் கண்ணாடிப் போத்தல்களில் தண்ணீர் வைத்து, அதில் நெளியும் கொசுப்புழுக்கள் எப்படிக் கொசுவாகின்றன என்று கவனிக்க ஆரம்பித்தார். பதினோரு போத்தல், ஜன்னலோரம் வரிசையாக. மலேரியாவுக்கு எதிராக வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதித்துவந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருநாள் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல் உள்ளே வந்தார். அபராதப் புத்தகத்தை வெளியே எடுத்தார். சண்முகரத்தினம் அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, மூன்றாம் போத்தலைப் பாருங்கோ, தோல் உரியப்போகுது என்றார்.

இன்ஸ்பெக்டர் முக்கால் மணி நேரம் பார்த்தார். குணபூசணி வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. ஒரு கொசு தோலை உரித்துவிட்டுத் தண்ணீர்மேல் ஏறி நின்றபோது, “அட” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து, பதினோரு போத்தலிலும் மறக்காமல் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்.